முறுக்குக் குழல் வாங்கப் போகிறீர்களா? பேரப்பிள்ளையையும் கடைக்குக் கூட்டிப் போங்கள்

தீபாவளி நெருங்க நெருங்கச் சிங்கப்பூர்த் தேக்கா பக்கம் பாத்திரக் கடைகளின் முகமே மாறிவிடும். பஃபலோ ரோடு, கேம்பல் லேன், சையது ஆல்வி ரோட்டில் முஸ்தபா என்று எங்கே நுழைந்தாலும் முறுக்குக் குழல்கள் முன்வரிசைக்கு வந்துவிடுகின்றன. மரம், பித்தளை, எவர்சில்வர், பிளாஸ்டிக், விசை அழுத்திப் பிழியும் துப்பாக்கி மாதிரி ஒன்று, பேட்டரியில் ஓடுவது ஒன்று. தனியாக நின்று பிழியப் போகிறவருக்கு இவற்றில் பாதி சரிப்படும். பாட்டியும் ஐந்தாறு வயதுப் பேரப்பிள்ளையும் சேர்ந்து பிழிய வேண்டும் என்றால் தேர்வு சுருங்கிவிடுகிறது. இங்கே பல குடும்பங்களில் பிள்ளைகள் தாத்தா பாட்டியோடு உட்கார்ந்து செய்யும் ஒரே பெருநாள் வேலை இந்த முறுக்குதான். கோலத்தை ஸ்டிக்கராக ஒட்டியாயிற்று, அதிரசத்தைக் கடையில் வாங்கியாயிற்று. மிஞ்சியிருக்கும் இந்த ஒன்றையாவது சரியான சாமானோடு செய்யலாம்.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மேலே சுற்றும் கைப்பிடி, பக்கவாட்டில் இரண்டு காது, உள்விட்டம் 5 சென்டிமீட்டர் அளவில் உள்ள திருகுக் குழலை வாங்குங்கள். எவர்சில்வரா பித்தளையா என்பது அதற்குப் பிறகு பார்க்க வேண்டியது. காதுகள் மட்டும் கட்டாயம் இருக்க வேண்டும்.

காரணம் எளிது. திருகுக் குழலில் மேல் கைப்பிடியைச் சுற்றும்போது குழலும் கூடவே சுற்றப் பார்க்கும். அதை இறுக்கிப் பிடிக்க ஒரு கை, சுற்ற ஒரு கை, முறுக்கை வளைய வளையமாக நகர்த்த இன்னொரு கை வேண்டும். தனியாகப் பிழிபவருக்கு இது தொந்தரவு. நம் வேலைக்கோ இதுதான் வசதி. பாட்டி இரண்டு காதையும் பிடித்துக்கொள்கிறார், பிள்ளை மேலே சுற்றுகிறது. இரண்டு பேரும் இல்லாமல் முறுக்கு வராது. பாட்டி பிழிய, பிள்ளை வேடிக்கை பார்க்க என்று ஆகிவிடுவதில்லை.

மற்ற குழல்கள் ஏன் ஒத்துவரவில்லை

மரக்குழல் பார்க்க அழகு. கீழே பித்தளைத் தட்டு பதித்த உருளை, மேலே உள்ளே இறங்கும் கட்டை, இரண்டுக்கும் கைப்பிடி. இரண்டு கையாலும் மேலும் கீழும் சேர்த்து அமுக்க வேண்டும். கெட்டியான முறுக்கு மாவை அமுக்கப் பெரியவர்களுக்கே தோள் வலிக்கும். சின்னக் கைக்கு அந்த அகலமான பிடி எட்டவே எட்டாது. மூட்டு வலியுள்ள பாட்டிகளுக்குப் பெருவிரல் அடிமூட்டில்தான் முழுப் பாரமும் விழும். சிங்கப்பூர் ஈரக்காற்றில் மரம் ஊதிக்கொண்டு, போன வருஷம் வழுக்கிக்கொண்டு இறங்கிய கட்டை இந்த வருஷம் நடுவில் சிக்கிக்கொள்ளும். சரியாகக் காயாமல் அலமாரியில் வைத்தால் பூஞ்சணம் பூக்கும். ஏற்கெனவே வீட்டில் இருந்தால் போற்றி வையுங்கள். புதிதாகப் பேரப்பிள்ளைக்கென்று வாங்க வேண்டாம்.

அதே அமைப்பில் வரும் பித்தளை அமுக்குக் குழலுக்கு ஊதும் பிரச்சினை இல்லை, பலம் கொடுத்து அமுக்கும் பிரச்சினை அப்படியே இருக்கிறது. கூடவே எடை வேறு.

துப்பாக்கி மாதிரிக் குழல் உண்மையில் பிஸ்கட் மாவுக்கென்று செய்யப்பட்டது. வெண்ணெய் நிறைய விட்ட இளக்கமான மாவை அது நன்றாகத் தள்ளும். முறுக்கு மாவைப் போட்டால் உள்ளே தண்டைப் பிடித்துத் தள்ளும் பல் வழுக்கிவிடும். விசை கிளிக் கிளிக் என்று சத்தம் போடும், மாவு நகராது. பிள்ளைகளுக்கு அந்தச் சத்தம் பிடிக்கும். அதைத் தவிர முறுக்குக்கு அதனால் பயனில்லை. பிளாஸ்டிக் திருகுக் குழலில் மரை சீக்கிரம் மழுங்கும். கெட்டி மாவு போட்டால் அடிமூடி பூட்டும் இடத்தில் கீறல் விடும். பேட்டரிக் குழல் இளக்கமான மாவில் ஓடும், கெட்டி மாவில் திணறி நிற்கும். ஓடினாலும் பிள்ளை செய்ய வேண்டிய வேலையை அதுவே செய்துவிடுகிறது, அதனால் எங்களுக்கு அது வேண்டாம்.

கடையில் நின்று பார்க்க வேண்டியவை

விட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலோர் பெரிய குழலாகப் பார்த்து வாங்குகிறார்கள். ஒரே தடவையில் நிறைய மாவு போடலாம் என்று எண்ணம். மாவைத் துளை வழியே வெளியே தள்ள வேண்டிய பலம் குழலின் குறுக்குப் பரப்பைப் பொறுத்தது. 6.5 சென்டிமீட்டர் உள்விட்டமுள்ள குழலோடு ஒப்பிட்டால் 5 சென்டிமீட்டர் குழலின் பரப்பு ஏறக்குறைய 40 விழுக்காடு குறைவு. தட்டும் மாவும் ஒன்றாக இருந்தால், சுற்றத் தேவையான பலமும் அந்த அளவுக்குக் குறையும். ஐந்து வயதுப் பிள்ளை தானாகச் சுற்றுமா, பாதியில் விட்டுவிட்டு ஐபேட் பக்கம் போகுமா என்பதை இந்த வித்தியாசமே முடிவு செய்யும். அடிக்கடி மாவு நிரப்ப வேண்டியிருக்கும், அவ்வளவுதான். நிரப்புவதும் பிள்ளைகளுக்குப் பிடித்த வேலை.

அடுத்தது இடைவெளி. உள்ளே இறங்கும் வட்டத் தகட்டுக்கும் குழல் சுவருக்கும் நடுவில் உங்கள் ஈஸிலிங்க் பயண அட்டையின் மூலையை நுழைத்துப் பாருங்கள். அட்டை முக்கால் மில்லிமீட்டர் தடிமன். அது தாராளமாக நுழைந்தால் அந்தக் குழல் வேண்டாம். பிழியும்போது மாவு கீழே போகாமல் தகட்டைச் சுற்றி மேலே ஏறி மரைக்குள் புகுந்துவிடும். ஒரு பக்கம் மட்டும் நுழைகிறது, எதிர்ப்பக்கம் நுழையவில்லை என்றால் தண்டு கோணல். அதுவும் வேண்டாம்.

மரையை வெறும் குழலில் மேலிருந்து கீழ்வரை ஒரு முறை முழுதாகச் சுற்றிப் பாருங்கள். இடையில் எங்கும் கரகரவென்று பிடிக்கக் கூடாது. பித்தளை மேல் பித்தளை உராயும் மரையில் கருப்பாக ஒரு மை கசியும். புதிய குழலில் கொஞ்சம் வருவது சகஜம். டிஷ்யூ தாளால் தண்டைத் துடைத்துப் பாருங்கள். துடைத்த பிறகும் தொடர்ந்து வந்தால் மரை சரியாகக் கடையப்படவில்லை. நெருக்கமான மரையுள்ள தண்டுக்கு அதிகச் சுற்று வேண்டும், ஆனால் ஒவ்வொரு சுற்றும் இலேசு. பிள்ளைகளுக்கு அதுவே நல்லது.

அடிமூடி பூட்டும் விதத்தையும் கவனியுங்கள். கால் சுற்றில் பூட்டிக்கொள்ளும் வகை சட்டென்று மாட்டலாம், ஆனால் தகடு மெல்லியதாக இருந்தால் அழுத்தத்தில் நழுவி, தட்டோடு சேர்ந்து மொத்த மாவும் பொத்தென்று கீழே விழும். மரையோடு திருகிப் பூட்டும் அடிமூடி பாதுகாப்பு. மேல் கைப்பிடியைத் தண்டோடு இணைக்கும் ஆணியை ஆட்டிப் பாருங்கள். முதலில் கழன்று வருவது அதுதான்.

எவர்சில்வர் இலகு, கழுவுவது சுலபம், புளியும் தயிரும் பட்டாலும் கவலையில்லை. பித்தளை கனம், மாவு நிரப்பினால் ஒரு கிலோவைத் தாண்டிவிடும். அந்தக் கனம் குழலை நிலையாக நிற்க வைக்கும், துளைகளும் பொதுவாகக் கூர்மையாக வெட்டியிருப்பார்கள், முள்ளுமுறுக்கின் முள் எடுப்பாக வரும். பாட்டிக்கு மணிக்கட்டு நல்ல பலம் என்றால் பித்தளை. மணிக்கட்டில் வலி உண்டென்றால் தயங்காமல் எவர்சில்வர். புதிய பித்தளையைச் சுடுநீர், சவர்க்காரம், பிறகு புளி போட்டுத் தேய்த்து, துடைத்துக் காய வைத்து, முதல் பிடி மாவைப் பிழிந்து தூக்கி எறிந்துவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும்.

தட்டுகள்: எதில் தொடங்குவது

ஒரு குழலோடு ஐந்தாறு தட்டுகள் வரும். பிள்ளைகளோடு தொடங்கும்போது முள்ளுமுறுக்குத் தட்டைக் கையில் எடுக்காதீர்கள். துளைகளின் மொத்தத் திறப்பு பெரிதாக இருந்தால் சுற்றுவது இலேசு. ரிப்பன் பக்கோடாவுக்கான நீளக் கீற்றுத் தட்டு எல்லாவற்றிலும் சுலபம், அதிலும் வடிவம் கெட்டுப்போக ஒன்றுமில்லை. அடுத்தது மூன்று வட்டத் துளையுள்ள தேங்குழல் தட்டு. அதற்குப் பிறகு நட்சத்திரத் துளை. ஓமப்பொடித் தட்டு பெரியவர்களுக்கே. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் துளை வழியே மாவு போக நல்ல பலம் வேண்டும், ஒரு எள் அடைத்தாலும் போச்சு. ஓமப்பொடிக்கு ஓமத்தை ஊறவைத்து அரைத்து வடிகட்டின தண்ணீரைத்தான் விட வேண்டும், முழு ஓமம் கூடாது.

மாவு

குழல் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் மாவு சரியில்லை என்றால் பழி குழல் மேல் விழும். பிள்ளை சுற்றக்கூடிய தேங்குழல் மாவுக்கு எங்கள் அளவு இது: அரிசி மாவு 4 கப், வறுத்து அரைத்துச் சலித்த உளுத்தம் மாவு 1 கப், வெண்ணெய் 60 கிராம், உப்பு 2 தேக்கரண்டி, எள் 2 மேசைக்கரண்டி, பெருங்காயம் அரைத் தேக்கரண்டி, வெதுவெதுப்பான தண்ணீர் சுமார் 2 கப், தேவைக்குக் கொஞ்சம் கூட்டலாம்.

கடையில் அரிசி மாவு எடுக்கும்போது பொட்டலத்தை நன்றாகப் படியுங்கள். யானைத் தலை போட்ட தாய்லாந்து மாவில் சிவப்பு அச்சு சாதா அரிசி மாவு, பச்சை அச்சு புளுட் அரிசி, அதாவது ஒட்டும் பசையரிசி மாவு. பக்கத்தில் பக்கத்தில்தான் அடுக்கியிருப்பார்கள். புளுட் அரிசி மாவில் முறுக்கு எண்ணெயில் ஊதி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், கடித்தால் இழுக்கும்.

உளுந்தைச் சிவக்க விடாமல், வாசம் வரும் வரை மட்டும் வறுக்க வேண்டும். சிவந்தால் முறுக்கின் நிறம் கெடும். எல்லா மாவையும் சேர்த்து இரண்டு முறை சலியுங்கள். மூன்று வயதுப் பிள்ளையிடம் கொடுக்கச் சல்லடையைவிட நல்ல வேலை கிடையாது. தரையில் பழைய நாளிதழை விரித்து உட்கார வைத்தால் போதும். கட்டி தட்டிய மாவுதான் துளையை அடைக்கும் முதல் எதிரி.

வெண்ணெயை மாவில் போட்டு, விரல் நுனியால் தேய்த்துப் பிசிறுங்கள். ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கினால் கொழுக்கட்டை மாதிரி நிற்க வேண்டும், தட்டினால் உதிர வேண்டும். வெண்ணெய் கூடினால் முறுக்கு எண்ணெயில் கரைந்து தூள் தூளாகப் போகும். குறைந்தால் பல்லை உடைக்கும். தண்ணீரை வெதுவெதுப்பாக விட்டால் மாவு இளகி, சுற்றுவதற்குச் சுலபமாகும். விரலால் அமுக்கினால் வெடிப்பு விழக்கூடாது, விரலில் ஒட்டவும் கூடாது.

பிள்ளைக்கு இலேசாக இருக்கட்டும் என்று மாவை ரொம்பத் தளர்த்திவிடும் ஆசை எல்லாருக்கும் வரும். ஒரு மேசைக்கரண்டித் தண்ணீர் கூடுதலாக விடலாம், அதற்கு மேல் வேண்டாம். தளர்ந்த மாவு எண்ணெய் குடிக்கும், முள் மழுங்கும், வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பணியாரம் மாதிரி ஆகிவிடும்.

எல்லா மாவையும் ஒரே சமயத்தில் பிசையாதீர்கள். வெண்ணெய் பிசிறிய உலர் மாவை வைத்துக்கொண்டு, அரை மணி நேரத்துக்கு வேண்டிய அளவுக்கு மட்டும் தண்ணீர் விடுங்கள். பிசைந்து வெகுநேரம் வைத்த மாவில் முறுக்கு சிவந்து போகும், எண்ணெயும் இழுக்கும். மின்விசிறிக்குக் கீழே திறந்து வைத்தால் மேலே ஏடு கட்டும்; அந்த ஏடு குழலுக்குள் போனால் இழை அறுந்து அறுந்து வரும். ஈரத்துணியால் மூடி வையுங்கள். விசிறியை நிறுத்தினால் பாட்டிக்கு வியர்க்கும், அதனால் துணியை மறக்காமல் இருப்பதே சரி.

பாட்டி, பிள்ளைகள், ஒரு சுழலும் தட்டு

குழலின் உள்ளே எண்ணெய் தடவுங்கள். மாவைக் குழலின் அகலத்துக்கு ஒரே உருளையாக உருட்டிச் செருகுங்கள். பிய்த்துப் பிய்த்துப் போட்டால் நடுவில் காற்று நிற்கும், அந்த இடம் வரும்போது புஸ் என்று சத்தத்தோடு இழை அறுந்துவிடும். முக்கால் பங்கு மட்டும் நிரப்புங்கள்.

திருகுக் குழலின் ஒரே குறை, பிள்ளை சுற்றும்போது பாட்டியால் குழலை வட்டமாக நகர்த்த முடியாது. ஒருவர் சுற்ற, இன்னொருவர் நகர்த்தினால் முறுக்கு கோணல்மாணலாக விழும். இதற்கு வழி, குழலை அசைக்காமல் அடியில் இருக்கும் தாளைச் சுற்றுவது. கேக் அலங்கரிக்கும் சுழல் தட்டு இருந்தால் அதன்மேல் 12 சென்டிமீட்டர் சதுரமாக வெட்டிய பேக்கிங் தாளை வையுங்கள். சாப்பாட்டு மேசையில் கறிக்கிண்ணங்களைச் சுற்றிவிடும் சுழல் பலகையும் போதும். பாட்டி குழலைத் தாளுக்கு 5 சென்டிமீட்டர் உயரத்தில் அசையாமல் பிடிக்க, ஒரு பிள்ளை மேலே சுற்ற, இன்னொரு பிள்ளை தட்டை மெதுவாகச் சுழற்றினால் முறுக்கு தானாக வட்டமாக விழும். குழலை நடுவிலிருந்து ஓரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துவது மட்டுமே பாட்டியின் வேலை. 5 சென்டிமீட்டருக்கு மேலே தூக்கினால் இழை ஆடி விலகும்; தாழ்த்தினால் நசுங்கும்.

மூன்று சுற்று போதும். கடைசி முனையை ஓரத்து இழையோடு விரலால் அழுத்தி ஒட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெயில் பிரிந்துவிடும். இந்த ஒட்டும் வேலையை நாலு வயதுப் பிள்ளையிடம் தனியாக ஒப்படைக்கலாம். ஒன்றைக்கூட விடாமல் தேடித்தேடி ஒட்டும் பொறுமை பெரியவர்களிடம் இல்லை, அவர்களிடம் உண்டு.

அடுப்புப் பக்கம்

பிள்ளைகள் செய்யும் வேலை எல்லாம் கூடத்து மேசையில். அடுப்பிலிருந்து குறைந்தது 2 மீட்டர் தள்ளித் தரையில் வண்ண டேப் ஒன்றை ஒட்டுங்கள். அதற்கு இந்தப் பக்கம் பிள்ளைகள், அந்தப் பக்கம் பெரியவர்கள். சுவர் இல்லாத புதிய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு அடுப்படிகளில் இந்தக் கோடு இன்னும் அவசியம். எண்ணெய்ப் பக்கம் நிற்க வேறொரு பெரியவர் வேண்டும். குழல் பிடிக்கும் பாட்டியே எழுந்து எழுந்து முறுக்கைத் திருப்பப் போனால் இரண்டு வேலையும் கெடும், ஆபத்தும்கூட. தாத்தா இருந்தால் அவருக்கு வாணலியை ஒதுக்குங்கள்.

தாளிலிருந்து முறுக்கைக் கண் கரண்டியின் மேல் வழுக்கி, கரண்டியை எண்ணெய் மட்டத்துக்குத் தாழ்த்தி விடவும். தாளோடு எண்ணெயில் போடும் பழக்கம் சிலரிடம் உண்டு. தீ எரியும் அடுப்பில் அது வேண்டாம். எண்ணெய் 170 முதல் 175 பாகை செல்சியஸ். வெப்பமானி இல்லையென்றால் துளி மாவைப் போடுங்கள்: அடியில் தங்கி இரண்டு மூன்று நொடியில் எழும்பி வந்தால் பதம். போட்டவுடன் மேலே பாய்ந்தால் சூடு அதிகம், வெளியே சிவந்து உள்ளே மாவாக இருக்கும். ஒரு தடவைக்கு மூன்று நான்கு முறுக்குக்கு மேல் போட்டால் சூடு இறங்கி எண்ணெய் குடிக்கும். சலசலப்பு அடங்குவது வெந்ததற்கு அடையாளம். "சத்தம் நின்னுடுச்சு பாட்டி" என்று கோட்டுக்கு இந்தப் பக்கமிருந்தே கத்தும் பொறுப்பையும் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம்.

2018 ஜூன் 1 முதல் புதிய வீடுகளில் தீ எச்சரிக்கைக் கருவி கட்டாயம். எண்ணெய் புகைந்தால் அது அலறி, பிள்ளைகள் மிரண்டுவிடுவார்கள். சன்னலைத் திறந்து, புகை உறிஞ்சியை ஓடவிட்டு, எண்ணெய் புகையும் அளவுக்குப் போகாமல் பாருங்கள். வாணலிக்குப் பொருந்தும் மூடி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். எண்ணெயில் தீப்பிடித்தால் அடுப்பை அணைத்து மூடிவிட வேண்டும், தண்ணீர் கூடவே கூடாது. கை சுட்டால் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். பனிக்கட்டியும் பற்பசையும் வேண்டாம். அவசரத்துக்கு 995.

பொரித்த எண்ணெயைத் தொட்டியில் ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும். ஆறவிட்டு, பழைய நாளிதழில் உறிஞ்சவிட்டு, இறுகக் கட்டிக் குப்பையில் போடுங்கள்.

அச்சு முறுக்கு அச்சும் வாங்கலாமா?

பூப்போன்ற அந்தப் பித்தளை அச்சுக்கும் கடையில் ஆசை வரும். இங்கே தீபாவளித் தட்டில் அது இல்லாமல் இருக்காது. மலாய்க்காரர் வீடுகளில் குவே லோயாங் என்று பெருநாளுக்குச் செய்வதும் இதுவே. அரிசி மாவு 250 கிராம், சீனி 120 கிராம், முட்டை 2, தேங்காய்ப்பால் சுமார் 350 மில்லி, கொஞ்சம் உப்பு என்று கரைத்தால், மாவு கரண்டியின் முதுகில் மெல்லிசாகப் படிய வேண்டும். அச்சு சூடான எண்ணெயிலேயே கிடந்து காய வேண்டும். காயாத அச்சில் மாவு ஒட்டாது, அதிகம் காய்ந்தால் மாவுக் கிண்ணத்திலேயே உதிர்ந்துவிடும். முக்கால் உயரம்தான் முக்க வேண்டும். மேல் விளிம்பை மாவு மூடினால் முறுக்கு அச்சை விட்டுக் கழலாது. அலுமினியத்தைவிடக் கனமான பித்தளை சூட்டை நன்றாகத் தக்கவைக்கும்.

நல்ல சாமான்தான், ஆனால் சின்னப் பிள்ளைகளோடு செய்ய ஏற்றதில்லை. முட்டை அடிப்பதும் மாவு கரைப்பதும் தவிர மற்றது எல்லாம் கொதிக்கும் எண்ணெய்க்கு மேலே நடக்கும் வேலை. பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு வயதைத் தாண்டட்டும்.

எடுத்து வைப்பதும் கொடுப்பதும்

இங்கேயுள்ள ஈரக்காற்றில் முறுக்கு அரை நாளில் நமுத்துப் போகும். முழுதாக ஆறிய பிறகே சிவப்பு மூடி டப்பாவில் அடுக்குங்கள். கொஞ்சம் சூடு இருந்தாலும் உள்ளே வியர்த்து மொத்தமும் மெத்தென்று ஆகும். ஏர்கானை ஓடவிட்டு அந்த அறையில் ஆற வைப்பது நல்ல உத்தி, காற்றில் ஈரம் குறைவு. மூடியைச் சுற்றி ஒரு வரிசை செலோடேப் ஒட்டினால் இரண்டு வாரம் மொறுமொறுப்பு நிற்கும். தீபாவளிக்கு ஒரு நாள்தான் பொது விடுமுறை, அதனால் அதற்கு முந்தைய சனிக்கிழமையில் செய்தாலே போதும்.

பக்கத்து வீடுகளுக்குக் கொடுக்கும் தட்டைப் பிள்ளைகள் கையில் கொடுத்து அனுப்புங்கள். மலாய் அண்டை வீட்டாருக்குக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் மாவும் வெண்ணெயும் எண்ணெயும் ஹலால் முத்திரை பார்த்து வாங்கி, புதிய எண்ணெயில் பொரியுங்கள். எள் இருப்பதைச் சொல்லச் சொல்லிப் பிள்ளைகளிடம் பழக்குங்கள். எள் ஒவ்வாதவர்கள் உண்டு.

குழலைப் பராமரிப்பது

முடிந்தவுடன் குழலைக் கழற்றிப் பத்து நிமிடம் தண்ணீரில் ஊறவிடுங்கள். மரக்குழலுக்கு மட்டும் இது கூடாது. துளைகளில் காய்ந்த மாவைப் பல்குச்சியால் பின்பக்கத்திலிருந்து தள்ளினால் வந்துவிடும். கத்தி முனையால் நோண்டினால் துளை விளிம்பு கீறி, அடுத்த வருஷம் இழை பிசிறு பிசிறாக வரும். மரையைப் பழைய பல் துலக்கியால் தேய்த்து, துடைத்து, ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். மரைக்குச் சமையல் எண்ணெய் இரண்டு சொட்டு. தையல் இயந்திர எண்ணெய் போடுகிறவர்கள் உண்டு, சாப்பாட்டுச் சாமானில் அது கூடாது. பித்தளையைப் பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போட்டால் கருத்துவிடும்.

அடிக்கடி தொலைவது தட்டுகள்தான். ஒரு கம்பியில் கோத்துக் குழலுக்குள்ளேயே போட்டு வையுங்கள். உதிரித் தட்டும் சில கடைகளில் கிடைக்கும், ஆனால் ஒரு சென்டிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வித்தியாசம் இருந்தாலும் அடிமூடியில் உட்காராது. வாங்கப் போகும்போது குழலையே கையோடு எடுத்துப் போய்க் கடையிலேயே பொருத்திப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். புதுக்குழல் வாங்கும்போது பிள்ளையையும் கூட்டிப் போய்க் கைப்பிடியை ஒரு முறை சுற்றச் சொல்லுங்கள். பிடி உள்ளங்கைக்குள் அடங்குகிறதா, விரல்கள் சுற்றி வளைகின்றனவா என்று கடைக்காரர் முன்னாலேயே தெரிந்துவிடும். அடங்கவில்லை என்றால் அடுத்த குழலைக் காட்டச் சொல்லுங்கள்.